பாணர்கள் வாங்கிய நிலம்

சென்னைப் பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில், மரங்களுக்கிடையே நிற்கும் பழைய செங்கற் கட்டடங்களில் நடந்துவருகிற அரசினர் கவின்கலைக் கல்லூரியின் வாசலைத் தாண்டி வெளியே வருகிற ஓர் இளைஞன், ஐந்தாறு வருஷங்கள் கையையும் கண்ணையும் பழக்கிக்கொண்ட பிறகு, அடுத்த மாதத்து வாடகையை எதைக் கொண்டு கொடுப்பது என்ற கேள்வியோடு தெருவில் நிற்க நேர்வது இன்று நேற்று ஏற்பட்ட நிலைமையன்று. அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் எத்தனை விதமான விடைகள் தேடப்பட்டன, அவற்றுள் எவை நிலைத்தன, எவை பாதி வழியில் நின்றன என்பதை ஒருமுறை தொகுத்துப் பார்ப்பது பயனுடையது என்று எனக்குப் பல காலமாகவே தோன்றி வந்திருக்கிறது. சித்திரங்களைப் பற்றியும் சிற்பங்களைப் பற்றியும் எழுதியவர்கள் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் எவ்வாறு ஜீவித்தார்கள், யார் யாருக்குக் கைகொடுத்தார்கள் என்பதைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய பள்ளியே பின்னால் இக்கல்லூரியாயிற்று; அது அடுத்த இரண்டே ஆண்டுகளில் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. ஓவியர்களை உருவாக்குவதைவிட, மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை முதலிய கைத்தொழில்களில் நல்ல வடிவங்களைப் பழக்குவதே அதன் ஆதி நோக்கமாக இருந்தது. 1898-ஐ ஒட்டி ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை இந்தப் பள்ளிக்கூடத்தின் பட்டறையில்தான் பரீட்சித்துப் பார்த்தார் என்பதையும், நம் சமையலறைகளுக்கு அலுமினியம் வந்து சேர்ந்த பாதை ஒரு கலைப்பள்ளியின் வழியாகச் சென்றது என்பதையும் நம்மில் பலர் அறியோம். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைப் பொறுப்பை ஏற்ற பிறகு, ஓவியமும் சிற்பமும் அங்கே முதன்மை பெற்றன. மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்த அந்த மகா சிற்பியின் ஆளுமையால் மாணாக்கர்களின் கற்பனை விரிந்தது, தைரியம் வளர்ந்தது. ஆனால் கலைஞன் வேறு, கைவினைஞன் வேறு என்ற எண்ணமும் அக்காலத்திலேயே மெல்ல வேரூன்றியது. அந்தப் பிரிவினையின் விலையைக் கொடுக்க நேர்ந்தவர்கள், படித்து முடித்து வெளியே வந்தவர்களே.

அவர்களுள் சிலர் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர்களானார்கள். சிலர் சினிமா விளம்பரப் பலகைகளுக்கு வர்ணம் தீட்டினார்கள். சிலர் தூரிகையை அடியோடு கீழே வைத்தார்கள். இவர்களுக்கு நடுவே விசேஷமாக நினைக்க வேண்டிய ஒருவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்து, இதே பள்ளியில் பயின்று, சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கி, பின்னர் நாடகக் கம்பெனி ஒன்றில் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த அவர், அந்தக் கம்பெனி கலைந்தபோது, 1940களின் தொடக்கத்தில், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். விவாகம் செய்துகொள்ளாத அவரைச் சுற்றி டி.எஸ். சுப்பையா முதலான சீடர்கள் கூடினார்கள். புகைப்படத்துக்குப் பின்னணித் திரை எழுதுவதும், சிவகாசி அச்சகங்களுக்காகத் தெய்வத் திருவுருவங்களைத் தீட்டுவதுமாக ஒரு குருகுலமே அங்கே உருவாயிற்று. மீனாட்சி கல்யாணமும் முருகனும் லக்ஷ்மியும் காலண்டர்களாகி எத்தனையோ வீடுகளின் பூஜை அறைகளில் குடிபுகுந்தன. அந்தப் படங்கள் சிலவற்றின் கீழ் குருவின் பெயரும் சீடனின் பெயரும் ஒருங்கே எழுதப்பட்டிருப்பதை நான் மிகுந்த மரியாதையுடன் பார்ப்பதுண்டு. தன் பெயர் ஒன்றே விளங்க வேண்டும் என்று விரும்பாமல், இளையவனுடைய பெயரையும் சந்தைக்கு அறிமுகப்படுத்திய அந்த வழக்கத்துக்கு இணையான உபகாரம் வேறு எது? நவீன கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் காலண்டர்ப் படமென்று இந்தக் கோவில்பட்டிக் கூட்டத்தை ஒதுக்கிவிட்டது பெருந்தவறு என்பது என் துணிபு.

சென்னையில் எழுந்த விடை வேறு விதமானது. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், பதினெட்டு வயதில் தகப்பனாரை இழந்து, படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 25-ஆம் வயதில்தான் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. வறுமை இன்னதென்று நேரிலே அறிந்த ஒருவர் ஆசிரியரானதும், பின்பு 1957-இல் அப்பள்ளியின் முதல்வரானதும், பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் காரணம் என்று சொன்னால் மிகையாகாது. 1944-இல் அவரும் நண்பர்களும் நிறுவிய முற்போக்கு ஓவியர் சங்கம் கூட்டாகக் கண்காட்சிகள் நடத்தியது. 1961 முதல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற பத்திரிகை வெளிவந்தது. பம்பாயிலும் டில்லியிலும் உள்ள விமர்சகர்களின் பார்வை தெற்கே திரும்பக் காத்திராமல், தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்ற தேவையை இவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆயினும் கண்காட்சியில் மாட்டிய படங்கள் பெரும்பாலும் விற்காமலே வீடு திரும்பின என்பதுதான் அந்நாளைய நிலை. சங்கமும் பத்திரிகையும் புகழுக்கு வழிகாட்டலாம். அரிசிக்கு வழி வேறாகத்தான் தேட வேண்டும்.

1960களின் நடுவில் அந்த வழியைப் பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் கைத்தொழிலில் கண்டார்கள். பகலெல்லாம் ஓவியம் தீட்டியவர்கள் மாலை வேளைகளில் கூடி, பத்திக் துணிகளும் தோல் வேலைகளும் உலோகப் பொருள்களும் செய்தார்கள். மெழுகை உருக்கித் துணியின்மேல் கோடாக இழைத்து, சாயத்தில் தோய்த்து, மெழுகு பட்ட இடம் நிறம் ஏற்காது நிற்க, மறுபடி மெழுகிட்டு மறுபடி தோய்த்து, இறுதியில் வெந்நீரில் மெழுகைக் கரைத்தெடுக்கும்போது, நினைத்த சித்திரமும் நினையாத நுண்ணிய விரிசற்கோடுகளும் சேர்ந்து வெளிப்படுவதே பத்திக் முறை. ஓவியத்தை வாங்கத் தயங்கிய நகரத்தார் இந்தத் துணிகளை விரும்பி வாங்கினார்கள். கலைஞர்களின் கைவினைச் சங்கம் என்ற பெயரில் கூட்டுறவாகச் சேர்ந்து, அந்த விற்பனையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு, ஈஞ்சம்பாக்கத்தில், கடலை ஒட்டிய மணற்பரப்பில், சவுக்குத் தோப்புக்கு நடுவே ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலத்தை அவர்கள் வாங்கினார்கள். 1966 ஏப்ரலில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அந்நாளில் நகரத்துக்கு வெகு தூரத்தில் கிடந்த அந்த மணலில், முதலில் கீற்றுக் குடிசைகளே எழுந்தன.

இந்த இடத்தில் நம் பழந்தமிழ் மரபை நினையாமல் இருக்க முடியவில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் நான்கு, பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வழியில் வாடி வருகிற இன்னொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியாகச் செல், இன்னானிடம் போ, உன் பசி தீரும் என்று சொல்லுகிற பாட்டுகள். தொழிற்பொறாமை நுழைவதற்கு மிகவும் வாய்ப்பான ஓரிடத்தில், கிடைத்ததை மறைக்காமல் வழி சொல்லுகிற அந்தப் பண்பையே ஓர் இலக்கிய வகையாக அமைத்த சமுதாயம் நம்முடையது. ஆனால் எந்த ஆற்றுப்படையிலும் வழியின் முடிவில் ஒரு வள்ளல் இருந்தே தீருவான். ஈஞ்சம்பாக்கத்து மணலில் அப்படி யாரும் காத்திருக்கவில்லை. வழி சொன்னவர்களும் வழி நடந்தவர்களுமே, தங்கள் கை உழைப்பைக் கூட்டிச் சேர்த்து, அந்த வள்ளலின் ஸ்தானத்தையும் வகித்தார்கள். சோழமண்டலத்தின் மகிமை என நான் கருதுவது இதுதான்; இந்தியக் கலை வரலாற்றில் அது பெற்றிருக்கும் பெயரும், சென்னைக் கலை இயக்கம் என்று பிற்காலத்தார் இட்ட மகுடமும் இதற்குப் பின்னால் வருபவை.

வயிற்றுக்காகச் செய்த வேலை உள்ளத்தின் வேலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் கலைஞர்களிடையே என்றும் உண்டு. அந்தக் குழுவினரின் படைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு என்று எனக்குப் படுகிறது. பணிக்கரின் வட்டத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம், கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தைப்போலச் செப்புத் தகட்டைத் தட்டியெடுத்து, அதன்மேல் கம்பியால் கோலமிட்டது போன்ற சிற்பங்களை உண்டாக்கினார். முன்பக்கம் மட்டுமே முகம் காட்டும் அவற்றின் அழகு, கருவறையின் முன் நின்று பழகிய கண்களுக்கு உடனே விளங்கும். பணிக்கரின் குமாரர் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, நகைத் தொழிலின் நுட்பம் தோன்றப் பெரிய உருவங்களைச் சமைத்தார். பணிக்கரே 1963 முதல் எழுதிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், மலையாள லிபியையொத்த எழுத்துகளும், கணக்குச் சின்னங்களும், ஜாதகக் கட்டங்களும் ஓலைச்சுவடியின் நெருக்கத்தோடு படத்தை நிறைக்கின்றன. கோட்டின் ஆட்சியே சென்னையின் தனித்தன்மை என்று அறிந்தோர் சொல்லுவர். அந்தக் கோடு மெழுகிலும் கம்பியிலும் பழகிய கோடு என்பதை மறக்கலாகாது.

கே. ராமானுஜத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிப்பது நியாயமாகாது. 1940-இல் பிறந்த அவர் பேச்சுத் திக்குகிறவர். உலக வழக்கங்களோடு ஒட்டி நடக்க இயலாதவர். பணிக்கரின் ஆதரவில்லாவிடில் கலைப்பள்ளியில் நிலைத்திருப்பதே அரிதாயிருக்கும். கறுப்பு மையாலும் நீர் வர்ணத்தாலும் அவர் எழுதிய கனவு நகரங்களில், மாடமாளிகைகளுக்கும் நாகங்களுக்கும் பறக்கும் மாதர்களுக்கும் நடுவே, தொப்பியணிந்த ஒரு மனிதராக அவரே உலவுகிறார். சோழமண்டலம் அவருக்கு இருப்பிடத்தையும் தோழர்களையும் அளித்தது. ஆயினும் 1973-இல், முப்பத்து மூன்றாவது வயதிலேயே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தோழமை எத்தனை செய்ய வல்லது என்பதற்கும், அதன் கை எட்டாத ஆழங்கள் மனித உள்ளத்தில் உண்டு என்பதற்கும் அந்த ஒரே வாழ்க்கை சாட்சி. அவருடைய படங்களின் முன்னே நிற்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

குறைகளும் இருந்தன, அவற்றை மறைத்துப் புகழ்வது அக்கலைஞர்களுக்கே செய்யும் அவமரியாதையாகும். அந்தத் தலைமுறையின் பெயர்ப்பட்டியலில் பெண்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஓவியர் அர்னவாஸ் 1988-இல் நடுவயதிலேயே மறைந்தார். சென்னையில் பயின்ற டி.கே. பத்மினியோ 1969-இல், முப்பது வயதைக் காணும் முன்னரே, பிரசவத்தில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற ஓவியங்களின் திண்மையைப் பார்க்கும்போது, எத்தகைய ஆற்றல் முளையிலேயே கருகிற்று என்ற துயரம் எழுகிறது. மாலை வேளைகளில் கூடி உழைப்பதும், ஊருக்கு வெளியே குடிசையிட்டுத் தங்குவதும் ஆண்களுக்கு இருந்ததுபோல அந்நாளில் பெண்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை என்பது வெளிப்படை. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் அதைப் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

தமிழ் வாசகர்களுக்கும் இந்த ஓவியர்களுக்கும் இடையே இருந்த தூரம் மற்றொரு குறை. அதைக் குறைத்தவர்களுள் முதன்மையானவர் கே.எம். ஆதிமூலம். மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் சென்னையில் ஓவியர்களை வேலைக்கு அமர்த்தி, கைத்தறித் துணிகளுக்குப் புதிய வடிவங்கள் வரையச் செய்தது. ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் அங்கே பணியாற்றியவர்கள். மாதச் சம்பளம் தந்த அந்த நிலையம், ஓசைப்படாமல் ஒரு தலைமுறைக் கலைஞர்களைக் காப்பாற்றியது என்பேன். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி மகாத்மாவைக் கோட்டோவியங்களாகத் தொடர்ந்து வரைந்த ஆதிமூலம், சிறுபத்திரிகைகளின் அட்டைகளிலும், புத்தக முகப்புகளிலும், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கு வரைந்த சித்திரங்களிலும், தம் கோட்டைத் தமிழனின் கண்முன் கொண்டுவந்து வைத்தார். கையில் காசில்லாத எழுத்தாளனும் காசில்லாத ஓவியனும் ஒருவருக்கொருவர் வேலை கொடுத்துக்கொண்ட அந்தக் காலம், தமிழ் அச்சுக்கலையின் முகத்தையே மாற்றிவிட்டது.

இன்று ஈஞ்சம்பாக்கத்தின் நிலைமை வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்று, இருபுறமும் மாளிகைகள் எழும்பி, மணல் பொன்னாகிவிட்டது. பத்து ஏக்கர் பத்து ஏக்கராகவே இருக்க, கலைக்கல்லூரியிலிருந்து வெளிவருகிறவர்களின் தொகை மட்டும் வளர்கிறது. இன்றைய மாணவன் மாலை நேர உழைப்பால் அந்தச் சாலையோரத்தில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதும் சாத்தியமில்லை. அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா என்ற கலாசார மையம், கைவினைஞர்களுக்கும் இளம் ஓவியர்களுக்கும் இடமளித்து வருகிறது. ஆனால் நிலம் வாங்கும் வழி அடைபட்டாலும், அதற்கு முன்பே நடந்த காரியம், அதாவது பலர் ஓரிடத்தில் கூடி, விற்கக்கூடிய ஒரு பொருளைச் செய்து, லாபத்தைப் பொதுவில் வைத்த காரியம், எந்த வாடகைக் கூடத்திலும் நடக்கக்கூடியதே. துணியில் அச்சிடுகிறவர்களும் எழுத்துரு வரைகிறவர்களும் குழந்தைப் புத்தகங்களுக்குச் சித்திரம் தீட்டுகிறவர்களுமாக இன்றைய இளைஞர்கள் இருக்கிறார்கள். பணிக்கரின் மாணவர்களைவிட விற்பனைக்குரிய கைத்திறன் இவர்களிடம் அதிகம்.

சோழமண்டலத்தில் 2009-இல் தற்காலக் கலை மையம் ஒன்றும், அதனுள்ளே சென்னைக் கலை இயக்கத்துக்கென ஒரு நிரந்தர அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. அங்கே ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, அந்த நிலத்தை வாங்கித் தந்த பத்திக் துணிகளைப் பற்றிய நினைவே எனக்கு மேலோங்கி வரும். கதவுத் திரையாகவும், மேஜை விரிப்பாகவும், யாரோ ஒருவருக்குக் கல்யாணப் பரிசாகவும் போன அவை, துவைத்துத் துவைத்து நைந்துபோயிருக்கலாம். சில, சென்னையின் பழைய வீடுகளில், டிரங்குப் பெட்டிகளின் அடியில், நாப்தலீன் உருண்டைகளோடு மடித்துக் கிடக்கவும் கூடும். அறுபது வருஷங்களுக்கு முன் வாங்கிய மெழுகுச் சாயத் துணி ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பத்தார் யாரேனும் இருப்பார்களானால், அதன் விரிசற்கோடுகளை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல்.