இருபத்திரண்டாவது நிமிடத்தில் வெளியே வந்தவர்

எதிரணி ரசிகர்கள் ஒரு பழைய கால்பந்து ஆட்டக்காரருக்காக எழுந்து நின்று கைதட்டினால், நம் பக்கம் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: “பாவம், உடம்பு சரியில்லாத ஆளுன்னு தட்டுறாங்க.” மீஞ்சூர் டீக்கடைகளிலும், கும்மிடிப்பூண்டி ரயிலில் ஷிஃப்டுக்குப் போகும் நண்பர்களிடமும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறேன். எதிரணி ரசிகர் பாவம் பார்க்கிற ஆளே கிடையாது. ஒரு பேக் ஆட்டக்காரரை அவருடைய சொந்த ரசிகரைவிடக் கூர்ந்து பார்த்தவர் அவர்தான். தன் விங்கரிடம் பந்து போகும்போதெல்லாம், அந்தக் கால் எப்போது குறுக்கே வருமோ என்று பதறியபடி பார்த்தவர் அவர்.

கிளாஸ்கோ நகரத்தின் நீல அணிக்கும் பச்சை அணிக்கும் இருக்கும் பகையை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து நீலச் சட்டைக்கு ஒரு ரைட் பேக் வந்தார். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகஸ்டில் பச்சைக்கு எதிரான தன் முதல் மோதலில் ஆடிய அவரை, 22ஆவது நிமிடத்திலேயே பயிற்சியாளர் வெளியே அழைத்துவிட்டார். ஒரு பேக்குக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பச்சைக் கூட்டம் கொண்டாடியது.

அதன்பிறகு அவர் எடுத்த ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். விங்கர் பந்தை வாங்கும்போது பேக்குக்கு இரண்டு வழி உண்டு. பின்வாங்கி, உள்பக்கத்தை அடைத்து, துணைக்கு ஆள் வரும்வரை இழுத்தடிக்கலாம். இல்லையென்றால், பந்து விங்கரின் காலில் படும் அதே நொடியில் போய் மேலே நிற்கலாம். அப்படி நின்றால் விங்கரால் திரும்பவே முடியாது. அரை நொடி தாமதித்துப் போனால் ஃபவுல், அட்டை, கெட்ட பெயர். ஒருமுறை அவமானப்பட்ட பேக்குகள் பெரும்பாலும் காலமெல்லாம் முதல் வழியிலேயே ஒதுங்கிவிடுவார்கள். இவர் இரண்டாவது வழியிலேயே போனார். அட்டைகள் வாங்கினார். ‘முரடன்’ என்று எழுதினார்கள். நான் அதை முரட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. அந்த அரை நொடிக்கான விலையைத் தன் பெயரிலேயே கட்டத் துணிந்த ஆட்டம் அது. பேக் ஆடுகிறவர்கள் பக்கம்தான் நான் எப்போதும் நிற்பேன், அதை ஒளிக்கவில்லை.

எதிரணிக்கு அவர் மதிப்பு புரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி, 2005இல் ஸ்காட்லாந்து வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த வீரர் விருது. அவரிடம் அடிவாங்கிய கால்களும் சேர்ந்து போட்ட வாக்கு அது. அந்த ஆண்டு விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் இவர். இன்னொருவர் பச்சைச் சட்டை ஸ்ட்ரைக்கர்.

அந்த ஸ்ட்ரைக்கருக்கு 2009இல் புற்றுநோய். விதைப்பையில் தொடங்கி நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது. போராடி மீண்டார். பேக்கின் முறை 2013 அக்டோபரில் வந்தது. நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வந்து உட்கார்ந்து, தனக்கு மோட்டார் நியூரான் நோய் என்று குழறும் நாக்கோடு அவரே சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. பேச்சு போகும், நடை போகும், கடைசியில் மூச்சுக்கும் சிரமம். குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கேயும் அவர் பின்வாங்கவில்லை, முன்னே வந்து நின்றார். 2015 ஜனவரியில் அவருக்காக நடந்த ஆட்டத்துக்கு 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2019 செப்டம்பரில், 43 வயதில் இறந்தார். பச்சை முகாமும் அஞ்சலி செலுத்தியது.

இதே நகரத்தில் 2008 மே மாதம் பச்சையின் முன்னாள் நடுக்கள வீரர் ஒருவர் தோல் புற்றுநோயால் இறந்தபோது, அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நீல அணியின் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளரும் இருந்தார்கள். பச்சை மைதானத்து வாசலில் நீலக் கழுத்துத்துண்டுகள் குவிந்தன. இப்படி நம் கொல்கத்தாவிலும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இரு பகை அணிகள் மோதிய ஆட்டத்தின் நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ரத்த தானம் செய்கிறார்கள். எடுக்கிற ரத்தத்தில் எந்தச் சட்டையின் நிறமும் ஒட்டியிருப்பதில்லை.

அந்த பேக் இறந்த அடுத்த மாதமே கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது பொதுமக்களைவிட அவர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம். 2021இல் வந்த தொடர் ஆய்வில் பேக்குகளுக்கு ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோலிகளுக்கோ பொதுமக்களின் அளவுதான். ஒருவருடைய நோய்க்குப் பந்துதான் காரணம் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் தலையால் முட்டி முட்டிப் பந்தை வெளியேற்றுவது பேக்குகளின் அன்றாட வேலை என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஸ்காட்லாந்து 2020இலேயே 12 வயதுக்கு உட்பட்டவர்களின் பயிற்சியில் ஹெட் அடிப்பதை நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் 2021 முதல், பெரியவர்களும் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து பலத்த ஹெட்டுக்கு மேல் அடிக்க வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல்.

இனி என் கணிப்புகள். பத்தாண்டுகளில் நம் பள்ளிப் போட்டிகளிலும் சின்னப் பையன்களுக்கு ஹெட் தடை வரும். ‘தலையால விளையாடுறான்’ என்று ஸ்டாப்பரைப் பாராட்டுவது குறையும், காலால் பந்தை எடுத்து ஆடுகிற பேக்குக்கு மதிப்பு கூடும். வள்ளூர் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் இன்று ஆடும் பையன்களிலிருந்து நல்ல பேக்குகள் கிளம்புவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் பலர் சிப்காட் வேலைக்குப் போவார்கள். சிலர் நாற்பது, ஐம்பது வயதில் நோயிலும் விழுவார்கள். அன்று மருத்துவச் செலவை யார் பார்ப்பது?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஒவ்வொரு அணியின் செயலாளரும் தன் பையன்களிடம் இவை இரண்டும் இருக்கிறதா என்று இந்த மாதமே கேட்கட்டும்.

பொங்கல் டோர்னமென்ட் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். என்ட்ரி ஃபீஸில் ஒரு பங்கை நோயில் இருக்கும் ஒரு பழைய ஆட்டக்காரருக்கு ஒதுக்குங்கள். எந்த அணிக்கு ஆடியவர் என்று பார்க்காதீர்கள். ஃபைனல் அன்று அவரை மைதானத்துக்கு அழைத்து வந்து, முதல் பந்தை அவர் காலடியில் வையுங்கள். அவரிடம் அதிகம் அடிவாங்கிய அணி எதுவோ, அதுவே முதலில் எழுந்து கைதட்டட்டும்.