எண் வந்தது, பை போகவில்லை

சீர்காழியிலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்குக் கிளம்புகிறவர்கள் தஞ்சாவூருக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறுக்கோ போகிறார்கள். எங்கே போனாலும் கூடவே ஒரு பிளாஸ்டிக் பை போகும். அதில் ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், பயாப்ஸி ரிப்போர்ட். 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுமைக்கும் வந்தபோது, இப்போது ஆபா எனப்படும் 14 இலக்கச் சுகாதார எண் இந்தப் பையை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது.

எண்ணால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து ஓபி சீட்டு வாங்கும் இடங்களில் வரிசை குறைகிறது. ஆனால் ஒரு மருத்துவமனை ரிப்போர்ட்டை ஏற்றினால்தானே அடுத்தது பார்க்க முடியும்? பார்ப்பதற்கு நோயாளியின் சம்மதமும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான், நடைமுறையில் அது கைபேசியை நம்பி நிற்கிறது. டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் அம்மாவின் பெயரில் பதிவான நம்பர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள மகனுடையது. மார்பில் கட்டி என்று மகனிடம் சொல்லக் கூசும் தாய்க்கு, அவள் வாய் திறக்குமுன் குறுஞ்செய்தியே சேதி சொல்லிவிடலாம்.

பையில் இன்னொன்றும் இருக்கும். பயாப்ஸி திசுவை மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டி, ‘பிளாக்’ என்பார்கள். பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் வெளி ரிப்போர்ட்டை மட்டும் நம்பி கீமோ தொடங்குவதில்லை. அதிலிருந்து சீவியெடுத்த ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கித் தாங்களே மறுபடி பார்க்கின்றன. ஸ்லைடை முழுதாகப் படமெடுத்துத் தூரத்து நிபுணருக்கு அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன, சந்தோஷம். ஆனால் எந்த மருந்து பலிக்கும் என்றறியச் சோதனை செய்யப் படத்திலிருந்து திசுவைச் சீவியெடுக்க முடியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி வேலையெல்லாம் காகிதத்துக்குத் திரும்பியதை நினைத்தால், பையைச் சட்டென்று தூக்கிப்போடவும் மனம் வரவில்லை.

உருப்படியாகப் பலன் தந்தவை பகட்டில்லாதவை. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. ஊழியர்களே மருத்துவமனைகளுக்குப் போய் விவரம் திரட்டினார்கள். 2012-ல் பதிவு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. சென்னையில் கருப்பைவாய்ப் புற்று குறைந்து மார்பகப் புற்று கூடியது சென்னைப் பதிவேட்டால்தான் தெரிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்த சோதனை, கருப்பைவாய்ப் புற்றுச் சாவுகளை 35 சதவீதம் குறைத்ததாக 2007-ல் லான்செட் இதழில் ஆய்வு வெளியானது.

பதிவேட்டுக்கும் குறை உண்டு. கணக்கு வெளிவரச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் நோயாளியின் கதை முடிந்திருக்கலாம். ஆகவே செயற்கை நுண்ணறிவு போன்ற பகட்டானவற்றுக்குப் பணம் ஒதுக்குமுன் ஒரு சின்ன வேலை செய்யலாம். பரிசோதனையில் சந்தேகம் என்று பதிவான பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் பயாப்ஸி பதிவு வரவில்லையென்றால், வீடு வீடாகச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரின் கைபேசியில் அவர் பெயர் வந்து நிற்க வேண்டும். எந்தத் தெரு, எந்த வீடு என்பது அந்தப் பணியாளருக்கு ஏற்கெனவே தெரியும்.