போதும் என்று அறிந்த உறுப்பு

கல்லீரல் ஆய்வின் வரலாற்றில் திரும்பத் திரும்பப் படித்து வியக்கத்தக்க அறுவை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில், மேயோ நிறுவனத்தைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் வெள்ளை எலியில் செய்து 1931-இல் வெளியிட்டது அது. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதே முறையில்தான் எலியின் கல்லீரலை வெட்டுகிறார்கள்.

அதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. எலியின் கல்லீரல் நம்முடையதைப்போல ஒரே திரளாக இருப்பதில்லை. தனித்தனி மடல்களாகப் பிரிந்து, ஒவ்வொரு மடலும் தன் காம்பில் தொங்குகிறது. நடு மடலையும் இடப்பக்க மடலையும் மெல்ல வெளியே எடுத்து, காம்பில் நூலால் முடிச்சிட்டு அறுத்துவிட்டால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல்லீரல் போய்விடும். எஞ்சிய மடல்களின்மேல் கத்தியே படாது. நஞ்சு கொடுத்துக் கல்லீரலைச் சிதைத்தால், செத்த செல்களும் அழற்சியும் சூழ்ந்துகொள்ளும். புண் ஆறுவது எது, வளர்வது எது என்று பிரித்தறிவது கடினம். இவர்களோ இழப்பை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் கல்லீரலின் முன் வைத்தார்கள். நல்ல பரிசோதனை என்பது நன்றாகக் கேட்கப்பட்ட கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதிலும் அதே அளவுக்கு அழகானது. வெட்டிய மடல்கள் மறுபடி முளைப்பதில்லை. இருக்கும் மடல்கள் பெருத்து, ஏழு முதல் பத்து நாள்களுக்குள் பழைய எடையை எட்டிவிடுகின்றன. பழைய உருவம் வருவதில்லை. பழைய அளவு வந்துவிடுகிறது.

அந்த நாள்களை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால் ரசனை இன்னும் கூடும். கல்லீரல் செல் சாதாரணமாகப் பிரியாத செல். ஆயிரக்கணக்கான செல்களைத் தேடினாலும் பிரிந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காண்பது அரிது. அறுவை முடிந்ததும், குடலிலிருந்து போர்ட்டல் நாளம் கொண்டுவரும் ரத்தம் முழுவதும் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் பாய்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எலியில் இருபத்து நான்கு மணி நேரம் ஆகும்போது டி.என்.ஏ. படியெடுப்பு உச்சத்தில் இருக்கிறது. அதிலும் ஓர் ஒழுங்கு: கல்லீரலின் ஒவ்வொரு நுண்கூறிலும் ரத்தம் உள்ளே நுழையும் விளிம்பில் இருக்கும் செல்கள் முந்துகின்றன, அங்கிருந்து அதன் மையத்தில் உள்ள நடுநாளத்தை நோக்கி அலை நகர்கிறது. பித்தநாளச் செல்களும் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களும் தங்கள் முறைக்குக் காத்திருந்து பிறகு பிரிகின்றன. இந்த இடைவெளியால் மூன்றாம், நான்காம் நாளில் கல்லீரல் செல்கள் நடுவே குழாய் இல்லாமல் பத்துப் பன்னிரண்டாகக் கூடி நிற்கும். அதன்பின் உட்சுவர்ச் செல்கள் அந்தக் கூட்டத்துக்குள் ஊடுருவி வழி திறக்க, செல்கள் மறுபடி வரிசைகளாக விலகி நிற்கின்றன.

இத்தனை நடக்கும்போதும் கல்லீரல் தன் வேலையை விடுவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்கிறது, ஆல்புமினையும் ரத்தம் உறைவதற்கான புரதங்களையும் செய்கிறது, பித்தநீரைச் சுரக்கிறது. அடுப்பை அணைக்காமலே அடுக்களையை இடித்துக் கட்டுவதுபோல, பிரியும் செல்லே உழைக்கும் செல்லாகவும் இருக்கிறது.

வளரச் சொல்லும் சேதி எப்படி வருகிறது? பாஸ்டனில் மூல்ட்டனும் நான்சி புச்சரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடை சொன்னது. இரண்டு எலிகளின் ரத்தக் குழாய்களை இணைத்து, ஒன்றின் ரத்தம் மற்றொன்றிலும் ஓடும்படி செய்தார்கள். ஒன்றின் கல்லீரலை மட்டும் வெட்டினார்கள். எதையும் இழக்காத மற்ற எலியின் கல்லீரலிலும் டி.என்.ஏ. படியெடுப்பு கூடியது. சேதி ரத்தத்தில் மிதந்து போகிறது என்று அந்தப் பக்கத்து எலி காட்டிக்கொடுத்தது. 1984-இல் ஜப்பானின் நாகமுரா குழு அத்தகைய ஒரு பொருளை எலியின் ரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டியது. கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி என்று இன்று அறியப்படும் புரதம் அதுதான்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய நயமாகத் தோன்றுவது கல்லீரல் நிற்கும் இடம். இந்தச் செல்களின் ஆற்றலுக்கு எல்லை காண்பது அரிது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் குரோம்ப்பின் குழு, சுண்டெலியின் கல்லீரல் செல்களை ஒரு விலங்கிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வைத்தது. அந்தச் செல்கள் குறைந்தது 69 முறை இரட்டித்திருக்க வேண்டும் என்று 1997-இல் கணக்கிட்டுச் சொன்னது. இவ்வளவு வலிமை உள்ள செல், உடலுக்குத் தேவையான அளவு வந்ததும் அடங்கிவிடுகிறது. கொஞ்சம் மிகுந்துவிட்டால் சில செல்கள் தாமாக மடிந்து கணக்கைச் சரிசெய்கின்றன. சிறிய நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்கு மாற்றினால், அது புதிய உடலின் அளவுக்கு வளர்கிறது. கல்லீரல் உடலை அளந்துகொண்டே இருக்கிறது.

இந்த அளவுணர்வை நம்பித்தான் உயிரோடிருப்பவர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்கிறார். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரசல் ஸ்ட்ராங் ஒரு தாயின் கல்லீரல் பகுதியை அவருடைய மகனுக்கு வைத்தது இவ்வகையில் வெற்றி கண்ட முதல் அறுவை. இன்று பெறுபவரின் உடல் எடையில் சுமார் 0.8 சதவீதமாவது கல்லீரல் கிடைக்குமா என்று மருத்துவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். மீதியைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை நோய் காட்டுகிறது. கல்லீரல் செல் வரிசைகளுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் இடையில் விண்மீன் வடிவச் செல்கள் உண்டு. 1876-இல் ஜெர்மானியரான குப்ஃபர் விவரித்தவை. அமைதியான காலத்தில் அவை வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்துவைத்திருக்கும். மதுவோ, ஹெபடைட்டிஸ் வைரஸோ, சேர்ந்துபோன கொழுப்போ கல்லீரலை ஓயாமல் காயப்படுத்தினால், அதே செல்கள் சேமிப்பைக் கைவிட்டு நார்ப்பொருளை நெய்யத் தொடங்குகின்றன. ஒருமுறை பட்ட காயத்துக்கு அது நல்ல கட்டு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே சிரோசிஸ். ஆனால் காயத்தின் காரணத்தை நீக்கினால் தழும்பு ஓரளவு கரைகிறது. ஹெபடைட்டிஸ் சி வைரஸை மருந்தால் அழித்த நோயாளிகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். நார் நெய்த செல்களில் ஒரு பகுதி மீண்டும் அடங்கிய நிலைக்குத் திரும்புவதை 2012-இல் வந்த சுண்டெலி ஆய்வுகள் காட்டின.

ஆகவே, இந்த ஆய்வின் பயனை வளர்ச்சியைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது. செல்களை வளரத் தூண்டும் அதே சேதி, அடங்காமல் தொடர்ந்தால் புற்றுக்கும் துணைபோகும். செயலிழந்த கல்லீரலை மீட்க மருந்து தேடுபவர்கள், தொடங்கிவைக்கும் விசையோடு நிறுத்திவைக்கும் விசையையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும். எலியின் மடல்கள் ஒவ்வொரு முறையும் சரியான எடையில் வந்து நிற்கின்றன. அவை எதைக் கொண்டு அளக்கின்றன என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும் நாளில், கல்லீரல் மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் ஒருசேர முன்னேறும்.