‘நுகர்வோர்’ என்பவர் யார்? ஐரோப்பியப் போட்டிச் சட்டமும் சுற்றுச்சூழல் நிலைபேறும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சுற்றுச்சூழல் நலன் கருதி நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடுகளைப் போட்டிச் சட்டம் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பாவில் நெடுநாளாக விவாதிக்கப்படும் வினாவாகும். சலவை இயந்திரம், நிலக்கரி மின்நிலையம், கோழி இறைச்சி ஆகியவை தொடர்பான மூன்று முடிவுகளையும் ஐரோப்பிய ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. ‘நுகர்வோர்’ என்னும் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள குறுகிய பொருளே சிக்கலின் வேர் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: போட்டிச் சட்டம், நிலைபேறு, நுகர்வோர் நலன், புறவிளைவு, ஐரோப்பிய ஒன்றியம், நெதர்லாந்து

முன்னுரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாட்டு உடன்படிக்கையின் 101ஆம் உறுப்பு, போட்டியைக் கட்டுப்படுத்தும் உடன்பாடுகளைத் தடைசெய்கிறது. அதன் மூன்றாம் பத்தி நான்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. உடன்பாடு உற்பத்தியையோ தொழில்நுட்பத்தையோ மேம்படுத்த வேண்டும். அப்பயனில் நுகர்வோருக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும். கட்டுப்பாடு இன்றியமையாததாக இருக்க வேண்டும். போட்டி முற்றிலும் ஒழிந்துவிடக் கூடாது. அதே உடன்படிக்கையின் 11ஆம் உறுப்போ, ஒன்றியத்தின் எல்லாக் கொள்கைகளிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இணைக்கப்பட வேண்டும் என்கிறது. இவ்விரு உறுப்புகளும் சந்திக்கும் இடம் ‘நியாயமான பங்கு’ என்னும் இரண்டாம் நிபந்தனையாகும்.

சலவை இயந்திர முடிவு

ஐரோப்பிய வீட்டு உபயோகக் கருவி உற்பத்தியாளர் கூட்டமைப்பின் உறுப்பினர்கள், மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடும் சலவை இயந்திரங்களை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்த உடன்பட்டனர். அவர்களது சந்தைப் பங்கு 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது. மலிவான இயந்திரங்கள் சந்தையிலிருந்து மறையும் என்பதால் இது போட்டியைக் கட்டுப்படுத்தும் உடன்பாடே. எனினும் 1999ஆம் ஆண்டு நாளிட்ட முடிவில் ஆணையம் விலக்கு அளித்தது. வாங்குபவர் கூடுதல் விலையை மின்கட்டணச் சேமிப்பின் வழி மீட்டுக்கொள்வார் என்பது அது கூறிய முதற்காரணம். தவிர்க்கப்படும் மாசின் வழிச் சமூகம் பெறும் பயன், கூடுதல் கொள்முதல் செலவைப் போல் ஏழு மடங்கிற்கும் மேற்பட்டது என்பது இரண்டாவது. தனி வாங்குநர் எப்பயனும் பெறாவிடினும் இச்சமூகப் பயனே போதுமானது என்றும் ஆணையம் கருதியது.

இந்தப் பரந்த பார்வை நீடிக்கவில்லை. ஆணையம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயனை அந்தந்தச் சந்தையின் வாங்குநர் வட்டத்திற்குள்ளேயே கணக்கிட வேண்டும் என்னும் நிலைக்குத் திரும்பின.

நெதர்லாந்தின் இரு கணக்குகள்

குறுகிய பார்வையின் விளைவுகளை நெதர்லாந்தின் நுகர்வோர் மற்றும் சந்தை ஆணையம் செய்த இரு மதிப்பீடுகளில் காணலாம். 2013ஆம் ஆண்டின் ஆற்றல் உடன்பாட்டில், 1980களில் கட்டப்பட்ட ஐந்து நிலக்கரி மின்நிலையங்களை மூட மின் நிறுவனங்கள் இசைந்தன. இதனால் நுகர்வோருக்கு ஆண்டுக்கு 7.5 கோடி யூரோ கூடுதல் செலவாகும் என்று அவ்வாணையம் மதிப்பிட்டது. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள்கள் ஆகியவை குறைவதன் பயன் ஆண்டுக்கு 3 கோடி யூரோ மட்டுமே எனக் கணக்கிடப்பட்டது. கரியமில வாயுக் குறைப்புக்கு எம்மதிப்பும் தரப்படவில்லை. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்தில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இருப்பதால், ஓரிடத்தில் குறையும் உமிழ்வு வேறோரிடத்தில் கூடும் என்பது அதற்கான காரணம்.

அன்றைய விதிகளின்படி இவ்வாதம் பிழையற்றது. ஆயினும் உச்சவரம்பை மாறாத ஒன்றாக அது எடுத்துக்கொண்டது. 2018ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், மிகையான உமிழ்வு உரிமங்களை நீக்க வழிவகுத்தபோது அந்த அடிப்படை தளர்ந்தது. அந்நிலையங்களும் நிறுவனங்களின் உடன்பாட்டால் மூடப்படவில்லை. அரசு வகுத்த திறன் விதிகளின் வழியாகவே 2017க்குள் மூடப்பட்டன.

இரண்டாவது மதிப்பீடு ‘நாளைய கோழி’ எனப்பட்ட திட்டத்தைப் பற்றியது. மெதுவாக வளரும் இனத்தைச் சற்றுக் கூடுதல் இடவசதியுடன் வளர்த்து, அவ்விறைச்சியை மட்டுமே பேரங்காடிகளில் விற்பது இதன் நோக்கம். நுகர்வோர் கிலோவுக்கு 82 சென்ட் கூடுதலாகத் தர விரும்புகின்றனர் என்றும், கூடுதல் செலவு 1.46 யூரோ என்றும் 2015இல் கண்டறிந்த ஆணையம், பயனைவிடச் சுமை மிகுதி என முடிவுசெய்தது.

இக்கணக்கின் அடிப்படையே கேள்விக்குரியது. பணம் தரும் விருப்பத்தை அளக்கும் ஆய்வு, மனிதரைக் கடையில் நிற்கும் வாங்குநராக மட்டுமே காண்கிறது. அவரே குடிமகனாக எதை நியாயம் எனக் கொள்கிறார் என்பது அதில் பதிவாவதில்லை. மேலும், தீங்கு விளைவிக்கும் நுகர்விலிருந்து விலகுவோருக்கு முழு ஈடு கிடைத்தாக வேண்டும் என்பது, மாசுபடுத்துவோரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறிக்கு முரணானது. 2020இல் அதே ஆணையம் வெளியிட்ட வரைவு நெறிகள் இம்முரணை ஏற்றுக்கொண்டு, சுற்றுச்சூழல் கேட்டைக் குறைக்கும் உடன்பாடுகளில் வாங்குநருக்கு முழு ஈடு தேவையில்லை என்று கூறியது குறிப்பிடத்தக்கது.

எதிர்வாதத்தின் வலிமை

எனினும் ‘நாளைய கோழி’ தடுக்கப்பட்டதால் கோழிகளின் நிலை தாழ்ந்துவிடவில்லை. பேரங்காடிகள் தனித்தனியே வாங்கி விற்கும் இறைச்சி, அத்திட்டத்தின் தரத்தையும் விஞ்சிவிட்டதை ஆணையம் 2020இல் சுட்டிக்காட்டியது. கூட்டாகச் செய்தால்தான் இயலும் என்ற வாதத்தை நடப்பு பொய்ப்பித்தது.

சூழல் போர்வையில் நிகழ்ந்த கூட்டுச் சதிகளும் உண்டு. சலவைத்தூளை அடர்த்தியாக்கி, பொதியைக் குறைக்கும் முயற்சியில் ஒன்றுகூடிய நிறுவனங்கள் விலையையும் பேசிக்கொண்டன. பிராக்டர் அண்டு கேம்பிள், யூனிலீவர் ஆகியவற்றுக்கு 2011இல் 31.52 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. தகவல் தந்த ஹென்கெல் தண்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. டீசல் வண்டிப் புகையைத் தூய்மைப்படுத்தும் தொழில்நுட்பத்தில் சட்டம் கோருவதற்கு மேல் போட்டியிடுவதைத் தவிர்த்த ஜெர்மன் வண்டி நிறுவனங்கள் மீது 2021இல் 87.5 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. இங்குப் போட்டிச் சட்டமே சூழலின் காவலராக நின்றது. ஆகவே இன்றியமையாமை என்னும் மூன்றாம் நிபந்தனையைத் தளர்த்துவது ஆபத்தானது.

2023 நெறிகளும் பருத்தி வயலும்

ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுக் கிடைமட்ட உடன்பாட்டு நெறிகள், நிலைபேற்று உடன்பாடுகளுக்கெனத் தனி இயலை ஒதுக்கிக் ‘கூட்டுப் பயன்’ என்னும் கருத்தையும் ஏற்றன. ஆனால் அப்பயனைப் பெறுவோரும் அப்பொருளை வாங்குவோரும் பெருமளவு ஒரே மக்களாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்நெறிகள் தரும் எடுத்துக்காட்டே இதன் குறையை வெளிப்படுத்துகிறது. நீரையும் வேதிப்பொருளையும் குறைத்து விளைவித்த பருத்தியாடையை ஐரோப்பியர் வாங்கினால், அதன் சூழற்பயன் பருத்தி விளையும் நிலத்திற்கே உரியது. வாங்குநரோ வேறு நாட்டினர். எனவே அப்பயன் கணக்கில் சேர வாய்ப்பில்லை.

புறவிளைவு என்பதன் பொருளே, வாங்குநரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் மீது விழும் சுமை என்பதுதான். அச்சுமையைச் சுமப்பவர் வாங்குநராகவும் இருந்தால்தான் அது நீங்குவதைப் பயனாகக் கொள்வோம் என்பது, புறவிளைவைக் கணக்கிலிருந்தே வெளியேற்றுவதாகும். நிலக்கரி நிலையத்தை நெதர்லாந்து அரசு தன் சட்டத்தால் மூட முடிந்தது. வேற்று நாட்டு வயலின் நீருக்கும் மண்ணுக்கும் அவ்வரசு விதி வகுத்தல் எளிதன்று. சட்டம் எட்டாத இடத்தில்தான் நிறுவனங்களின் உடன்பாடு மிகவும் தேவைப்படுகிறது. அவ்விடத்திலேயே நெறிகள் கைவிரிக்கின்றன. நடப்பு விதியிலும் மாற்றுவழிக்கு முன்மாதிரி உண்டு. ஆஸ்திரியாவின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம், சூழல் நிலைபேற்றுக்குக் கணிசமாக உதவும் பயனையே நுகர்வோரின் நியாயமான பங்காகக் கொள்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சுற்றுச்சூழல் தீங்கை அளக்கும்போது வாங்குநரின் பணம் தரும் விருப்பத்தைவிடத் தவிர்க்கப்படும் சேதத்தின் மதிப்பே பொருத்தமான அளவுகோல். இரண்டாவது, பயன் பெறுவோர் வாங்குநராகவும் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை, எல்லை கடந்த தீங்குகளிலேனும் கைவிடப்பட வேண்டும். மூன்றாவது, இன்றியமையாமைச் சோதனை இன்றுள்ள கடுமையோடு தொடர வேண்டும். சலவைத்தூள் வழக்கு அதன் தேவையை மெய்ப்பிக்கிறது. வாயிலில் காவல் கடுமையாக இருக்கலாம். துலாக்கோலின் ஒரு தட்டை மட்டும் வெறுமையாக வைத்து நிறுத்தல் முறையாகாது.