பால் பல் நாய்க்குட்டிக்கு எந்தப் பொம்மை?

பெங்களூரு ஈஜிபுராவில் மாடிக்கு மேல் மாடி எழுப்பிய வாடகை வீடுகள்தான் அதிகம். நாய்க்குட்டி ஓடியாடத் தோட்டம் கிடையாது. பார்வோ வைரஸ் தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது ஏறக்குறைய நான்கு மாத வயதுவரை, தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடவும் கூடாது. ஒரு ஹால், ஒரு அறை, பால்கனி, அவ்வளவுதான் அதன் உலகம். கடிப்பதற்கு நாம் ஒன்றைக் கொடுக்காவிட்டால் சார்ஜர் வயரைக் கடிக்கும். அது உயிருக்கே ஆபத்து.

குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்று மாதம் தாண்டியதும் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு குறுகுறுக்கும். கண்டதையெல்லாம் கடிக்கத் தோன்றும். எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குட்டியிடம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஐந்து வகைப் பொம்மைகளைக் கொடுத்துப் பார்த்தேன். ஈறுக்கு இதமா, பிய்ந்தால் விழுங்கிவிடுமா, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவா என்ற மூன்றும்தான் என் அளவுகோல்.

உள்ளே குழிவான ரப்பர் பொம்மை: இதில் பெயர்பெற்றது காங். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம், தன் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் வோக்ஸ்வாகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்றை விடாமல் கடிப்பதைப் பார்த்து உருவாக்கிய வடிவம் இது. குட்டிகளுக்கென்றே மென்மையான ரப்பரில் இளஞ்சிவப்பு, நீல நிறங்களில் வருகிறது. சிவப்பும் கறுப்பும் வளர்ந்த நாய்களுக்கானவை.

உப்பில்லாத தயிர்சாதத்தோடு வேகவைத்த பூசணியைப் பிசைந்து அடைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன். குட்டி முன்னங்கால் இரண்டாலும் அதை அணைத்துப் பிடித்து, நாக்கைத் துளைக்குள் விட்டு நக்கியது. தீர்ந்ததும் ஓரத்தைக் கடித்தபடியே தூங்கிவிட்டது. குளிர்ச்சி ஈறுக்கும் இதம். இந்த வகை எதை வாங்கினாலும் இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துளையென்றால் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு மாட்டிக்கொள்ளக்கூடும். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பதானால் சைலிட்டால் கலக்காததாக இருக்க வேண்டும். அந்த இனிப்பு நாய்க்கு நஞ்சு.

பருத்திக் கயிறு: இழுபறி விளையாட்டுக்கு அருமை, மனிதர் கையைக் கடிக்கும் பழக்கமும் குறையும். ஆனால் தனியே விட்டால் நூல் நூலாகப் பிரித்து விழுங்கும். நீள நூல் குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைவரை போகும். விளையாடி முடித்ததும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கீச்சிடும் துணிப் பொம்மை: குட்டிக்கு இதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் நான் வாங்கியதில் பிளாஸ்டிக் கண் சீக்கிரமே கழன்று வந்தது. தையல் பிரிந்து பஞ்சும் கீச்சுக்குழலும் வெளியே எட்டிப் பார்த்தன. மூன்றுமே தொண்டையை அடைக்கும். ஒட்டிய சுவர் கொண்ட வீடுகளில் இரவில் இந்தச் சத்தம் நல்லதல்ல. “என்ன தம்பி, ராத்திரி முழுக்க கீச்சு கீச்சுன்னு கேக்குதே” என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார். வாங்குவதானால் கண், மூக்கை நூலால் தைத்த பொம்மையாக வாங்குங்கள். பகலில் மட்டும் கொடுங்கள்.

பந்து: குட்டியின் வாய்க்குள் முழுதாக நுழையாத அளவில் இருக்க வேண்டும். வளர வளரப் பந்தையும் மாற்ற வேண்டும். டென்னிஸ் பந்தின் மேலுறை நாளடைவில் பல்லைத் தேய்க்கும். வழுவழுப்பான ரப்பர் பந்தே மேல். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கலாகத்தான் தெரியும்.

நைலான் எலும்பு, மாட்டுக் கொம்பு, குளம்பு: கடையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாத அளவுக்குக் கடினமானது பல்லை உடைக்கும். குட்டிக்கு இவை வேண்டாம்.

விலை கையைக் கடித்தால், பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கண்ணெதிரே கொடுங்கள். ஈறு வலிக்கு அதுவே போதும். பழைய செருப்பு மட்டும் வேண்டாம். பழையது, புதியது என்ற வித்தியாசம் குட்டிக்குத் தெரியாது.

எதையாவது விழுங்கிய பின் தொடர் வாந்தி, சாப்பிட மறுப்பு, வயிற்று வலி தெரிந்தால் காத்திருக்காதீர்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினாலும் இழுக்காதீர்கள். அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடமோ, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே தூக்கிச் செல்லுங்கள்.

என் தீர்ப்பு: முதலில் வாங்க வேண்டியது குட்டிகளுக்கான ரப்பர் பொம்மை. அடுத்து ஒரு கயிறு, பெரிய பந்து ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் தரையில் போடாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள், சலிப்பு வராது. தினமும் ஒருமுறை பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு துண்டு பிய்ந்திருந்தாலும், விலையை எண்ணிப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.