கணு விழுந்தால் வலை நிற்குமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நடுவெள்ளத்தில் சிக்கினார்கள். பல ஊர்களில் கரண்டும் செல்போனும் ஒருசேரப் போயின. தாமிரபரணியில் நீர்மட்டம் சொல்லும் சென்சார் வலை அமைக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த இரண்டு நாள்கள்தான். வலையில் ஒரு கணு, அதாவது ஒரு சென்சார் பெட்டி, செத்தால் மற்றவை எப்படி ஈடுகட்டுவது? இதற்கு மூன்று மரபுகள் உண்டு.

முதலாவது, பாதை மாற்றும் மரபு. 2000இல் ஹைன்செல்மன் குழுவினர் தந்த லீச் முறையில், கணுக்கள் குழுக்களாகப் பிரியும்; குழுத்தலைமை சுற்றுக்குச் சுற்று கைமாறும். பேட்டரியை மிச்சப்படுத்தவே அது பிறந்தது. தலைமைக் கணு செத்தாலும் அடுத்த சுற்றில் வேறொன்று பொறுப்பேற்கும் என்பது கூடுதல் லாபம். 2012இல் தரநிலையான ஆர்பிஎல் என்னும் பாதை நெறிமுறை, பக்கத்துக் கணுக்களே வேறு வழி தேடும் உள்ளூர்ச் சீரமைப்பையும், வேர்க்கணு பாதைகளின் முழு மரத்தையும் புதிதாகக் கட்டும் பொதுச் சீரமைப்பையும் வகுத்தது. ஆனால் வேறு வழி என்று ஒன்று இருந்தால்தானே மாற முடியும்?

இரண்டாவது, நகரும் மரபு. யூனிஸ், அக்காயா போன்றோர் வளர்த்த டாரா, ரிம் முறைகளில் இறந்த கணுவின் பக்கத்துக் கணுக்களே நகர்ந்து வந்து இடைவெளியை அடைக்கும். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போவது ஒரு தாவல். டாராவுக்கு இரண்டு தாவல் தூரத்து விவரம் தேவை. ரிம்முக்கு ஒரு தாவல் போதும். சக்கரம் வைத்த கருவிக்கு நல்ல வழி. பொதிகைப் பாறையில் கம்பம் நட்டு மாட்டிய பெட்டி எங்கே நகரும்?

மூன்றாவது, முன்கூட்டியே மாற்று வைக்கும் மரபு. வெள்ளம் வரும் முன்பே, தாமிரபரணிக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகனின் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவாரே, அந்த முன்யோசனைதான் இது. எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு தனிப்பாதை இருக்கும்படி இடைக்கணுக்களை நடுவார்கள். ஒற்றைப் பாதையில் இணைப்பதற்கே மிகக் குறைந்த எண்ணிக்கையில் நடுவது கணக்களவில் கடினம் என்று லின்னும் ஷூவும் 1999இல் நிறுவினார்கள். அதனால் ஏறக்குறைய சரியான விடைகளே நடைமுறையில்.

நம் ஆற்றில் பார்ப்போம். கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூரில் ஒரே ஒரு கணு வைத்து, இரு ஆறுகளின் தகவலையும் அதன் வழியே கீழே அனுப்பினால், அது போன நொடியில் மேற்கே உள்ள அத்தனையும் ஊமை. பெருமழையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நனைந்த இலை ரேடியோ அலையை விழுங்கும். உயிரோடு இருக்கும் கணுவையும் பக்கத்துக் கணு இறந்ததாக எண்ணிப் பாதையை மாற்றும், சற்றுத் தெளிந்ததும் திரும்ப மாற்றும். பேட்டரி அந்த அலைச்சலிலேயே தீரும். ஆகவே உயிரோடு இருப்பதாகக் கணு அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பு இரண்டு மூன்று தவறினாலே மரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகள் இம்முறைகளுக்கு, கணுக்கள் பரிமாறிய செய்திகளையும் நகர்ந்த தூரத்தையும் எண்ணி மதிப்பெண் போடுகின்றன. பல முறைகள் ஒரு நேரத்தில் ஒரு கணு விழும் என்றே தொடங்குகின்றன. வெள்ளத்தில் ஒரு கரையே விழும். எனவே நெல்லைக் கல்லூரிகளில் இத்துறையில் புராஜெக்ட் செய்கிறவர்கள், ஒரே கரையில் அடுத்தடுத்த கணுக்களை மொத்தமாக அணைத்துப் பார்க்கட்டும். மிச்சமிருப்பவை எத்தனை நிமிடத்தில் பேசத் தொடங்கின, இடையில் சேமித்த அளவீடுகள் பத்திரமாக வந்து சேர்ந்தனவா என்று பார்க்கட்டும். இந்தச் சோதனையில் தேறிய முறையையே ஆற்றங்கரையில் நம்பலாம்.