கயவாகுவின் சாட்சியம்

நம் ஆய்வாளர்களுக்கு அடிக்குறிப்பு அர்ச்சனைத் தட்டு மாதிரி. எத்தனை பெயர் ஏறுகிறதோ அத்தனை புண்ணியம். அந்தப் பெயர்கள் எதைப் பார்த்து எழுதின என்று யாரும் கேட்பதில்லை.

சிலப்பதிகாரத்தின் காலத்தையே எடுத்துக்கொள்கிறேன். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகுவும் இருந்ததாகக் காப்பியம் சொல்கிறது. இவனை மகாவம்சத்தின் முதலாம் கஜபாகுவாக்கிச் செங்குட்டுவனை 2ஆம் நூற்றாண்டில் நிறுத்தினார்கள். 1904இல் நூலாக வந்த வி. கனகசபையின் ஆங்கில ஆராய்ச்சி இதை ஏற்றது. பின்வந்தவர்கள் அவரைச் சுட்டினார்கள், அவர்களை அடுத்தவர்கள். மேற்கோள்கள் பெருகின. சாட்சி என்னவோ ஒன்றுதான்.

மகாவம்சத்தைத் திறந்தால், 22 ஆண்டு ஆண்ட கஜபாகு செய்த விகாரைத் திருப்பணிகள் இருக்கின்றன. சேரநாட்டுப் பயணம் இல்லை, பத்தினியும் இல்லை. அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்த கதை பல நூற்றாண்டுகள் பிந்திய ராஜாவளியவில் வருகிறது. அது வரலாறல்ல, தொன்மம் என்று கணநாத் ஒபயசேகர 1984இல் விரிவாக வாதிட்டார். தவிர, 12ஆம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகுவும் ஆண்டிருக்கிறான். பெயர்ப் பொருத்தம் போதுமென்றால் அவனை ஏன் விட்டோம்? அவன் நமக்கு வேண்டிய நூற்றாண்டில் இல்லை.

சிலம்பை 8ஆம் நூற்றாண்டளவில் வைத்த வையாபுரிப்பிள்ளைக்கு வசை கிடைத்தது. அவர் கணிப்பு சரியென்று நான் வாதாடவில்லை. அவரையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். ஆனால் நிறுக்கவேண்டியது அவர் காட்டும் சான்றை, அவருடைய தமிழ்ப்பற்றை அல்ல.

காலம் பிந்தினால் சிலம்பின் ஒரு வரியும் மாற்றுக் குறையாது. குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கவிதையை நம்பாதவர்கள்.